மச்சம் எங்குட்டு இருக்கு?

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் போன மாதம் ஒரு இயந்திரத்துக்கு மாலை போட்டார்கள். கிரையோஸ்டாட் என்று பெயர். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதையை உறைய வைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவிக் கொடுக்கும். சந்தனம் குங்குமம் வைத்து, நிர்வாகி தேங்காய் உடைத்தார். நான் ஞானஸ்நானம் வாங்கியவள். ஆனாலும் அந்த இயந்திரத்தின் விலையைக் கேட்டதும் நானும் கும்பிட்டு வைத்தேன்.

லேபில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "இது இல்லாம அந்தக் காலத்துல எப்படி மேடம் மார்ஜின் பாத்தீங்க?" என்றார்கள். அவர்கள் கேட்டது தொண்ணூறுகளை. என்னமோ நான் கல்லைக் கல்லோடு உரசித் தீ மூட்டியவள் மாதிரி. "மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சுத்தான்" என்றேன். அவர்களுக்குத் திருப்தி இல்லை. எழுதியாவது கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். குறிப்பெடுத்துக்கொள்ள இதில் ஒன்றும் இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளியாட்களுக்காக ஒரு விளக்கம். மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தால் முன்பெல்லாம் மார்பையே முழுசாக எடுத்துவிடுவார்கள். பிறகு, கட்டியை மட்டும் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுத்துவிட்டு, மிச்சத்தைக் காப்பாற்றி, ஊர்வழக்கில் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தால் போதும் என்ற வைத்தியம் வந்தது. அப்படி எடுத்த துண்டின் விளிம்புதான் மார்ஜின். விளிம்பில் நோய் தெரிந்தால் உள்ளேயும் மிச்சம் கிடக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும். இதை நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே பார்த்துச் சொல்ல வேண்டியது எங்கள் லேபின் வேலை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்லலில் பள்ளிக்கூடம், மதுரையில் லேப் டெக்னீசியன் படிப்பு. கன்னியாஸ்திரி ஆக்கிவிடலாம் என்று வீட்டில் ஒரு யோசனை இருந்தது. என் வாயைப் பார்த்துவிட்டு மடத்துத் தாயாரே அந்த யோசனையைக் கைவிட்டார். காரைக்குடிக்கு வந்து, இரத்தத்திலும் சளியிலும் மனிதர்களைப் பார்க்கப் பழகினேன். முகத்தைப் பார்ப்பதைவிட அது ஒன்றும் மோசமில்லை.

எங்கள் லேபுக்குத் தலைவி டாக்டர் உமையாள், நோயியல் நிபுணர். பெரிய வீட்டு ஆச்சி. அரண்மனை மாதிரி வீட்டை விட்டுவிட்டு, பிணவறைக்குப் பக்கத்தில் ஜன்னல் சரியாகத் திறக்காத அறையில் வந்து உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் அவரை மேடம் என்பார்கள், மீதிப் பேர் டாக்டராச்சி என்பார்கள். ஸ்லைடு பார்க்க உட்கார்ந்தால் முதலில் செருப்பைக் கழற்றுவார். யாரும் பின்னால் நிற்கக் கூடாது. "பிலோமி, உன் மூச்சு என் பிடரில படுது, தள்ளிப் போ" என்பார். வலமிருந்து இடமாக ஒரு தடவை, இடமிருந்து வலமாக ஒரு தடவை. நடுவில் ஒரு மடக்கு மோர். அப்புறம் ஒரே வார்த்தை. இருக்கு, இல்லை. மூன்றாவது வார்த்தை அவரிடம் கிடையாது. "இருக்கலாம்னு எழுதிக் கொடுங்களேன்" என்று எந்த டாக்டராவது கேட்டால், "அதுக்குக் கிளி ஜோசியக்காரன் இருக்கான், பஸ் ஸ்டாண்டுல" என்பார்.

சர்ஜன் டாக்டர் வைரவனோடு அவருக்கு ஜென்மப் பகை. ஆனால் ஒருவர் இல்லாமல் இன்னொருவர் ஆபரேஷன் நாளில் சாப்பிடக்கூட மாட்டார்கள். வைரவன் சார் கை சுத்தம், வாய் சுத்தமில்லை. எங்கள் லேபை "இருட்டுக் கடை" என்பார். மேடம் அவரை "தையல்காரர்" என்பார். இன்டர்காமில் இருவரும் பேசுவதைக் கேட்கவே நான் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

எங்களிடம் உறைய வைக்கிற வசதி இல்லை. இருந்திருந்தாலும் மின்சார வாரியம் விட்டிருக்காது. நாங்கள் செய்தது அச்சு எடுப்பது. துண்டின் ஒரு பக்கத்தை வடிதாளில் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். சுத்தமான ஸ்லைடை அதன்மேல் வைத்து ஒரே ஒரு தடவை அழுத்தி எடுக்க வேண்டும். பத்திரத்தில் கைநாட்டு வைப்பது மாதிரி. தேய்த்தால் போச்சு. புற்றுநோய் செல்களுக்கு ஒன்றோடொன்று பிடிப்புக் கிடையாது. கண்ணாடி பட்டதும் கூட்டமாக இறங்கி ஒட்டிக்கொள்ளும். நல்ல கொழுப்பு அப்படி வராது, எண்ணெய்க் கறையை மட்டும் விட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஸ்லைடை ஆல்கஹாலில் முக்கி, நீலச் சாயம் விட்டு, அலசினால் தயார். மேல், கீழ், கைப்பக்கம், நெஞ்சுக்குழிப் பக்கம், தோல் பக்கம், முதுகுப் பக்கம் என்று ஆறு பக்கத்துக்கும் ஆறு ஸ்லைடு.

எது எந்தப் பக்கம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? உடம்பை விட்டு வெளியே வந்துவிட்டால் சதைக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. அதனால் சர்ஜன் வெட்டி எடுத்தவுடன் கருப்புப் பட்டு நூலால் இரண்டு தையல் போட்டு அனுப்புவார். நீள நூல் கைப்பக்கம், குட்டை நூல் மேல்பக்கம். அந்த நூல் இரண்டும்தான் எங்களுக்கு ஊருக்கு வழி சொல்லும் கைகாட்டி மரம்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆபரேஷனில் எதை எடுத்தாலும் சொந்தக்காரர்களிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எடுக்கவே இல்லை என்பார்கள், அல்லது வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதை எடுத்துவிட்டார்கள் என்பார்கள். கிட்னி திருட்டுப் பேச்சு ஊரெல்லாம் ஓடிய சமயம் அது. குடல்வால், கர்ப்பப்பை எல்லாம் ட்ரேயில் வைத்துத் தியேட்டர் வாசலில் தரிசனம் நடக்கும். பித்தப்பைக் கல்லை பாட்டிலில் போட்டு வாங்கிப் போய், மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். மாப்பிள்ளையைவிட அந்தக் கல்லைத்தான் கூட்டம் பார்த்தது.

இந்தத் தரிசனத்தை நடத்துகிற பூசாரி தியேட்டர் ஆயா பாண்டியம்மா. அதில் அவளுக்குப் பெருமை அதிகம். எதையும் இரத்தமும் சவ்வுமாகக் கொண்டுபோய் நீட்ட மாட்டாள். மார்புக் கட்டி மட்டும் இந்தக் கூத்தில் சேராது, நேரே லேபுக்கு வர வேண்டும் என்பது உமையாள் மேடத்தின் கட்டளை. பாண்டியம்மாவும் தலையை ஆட்டித்தான் வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில் வந்தவள் கமலா. திருக்கோஷ்டியூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். நாற்பதைத் தொட்ட வயது. புருஷன் முத்தையா பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கட்டுகிறவர். மனுஷன் பேசி யாரும் கேட்டதில்லை போலிருந்தது. எது கேட்டாலும் அவருடைய அண்ணன்தான் பதில் சொன்னார். வெள்ளை வேட்டி, அக்குளில் தோல் பை, ஆஸ்பத்திரியையே குத்தகைக்கு எடுத்த நடை.

முதல் நாள் இரத்தம் எடுக்கும்போது கமலா என்னிடம் சொன்னாள். "எங்க அக்காளுக்கு மதுரையில முழுசா எடுத்துட்டாகக்கா. துணியைச் சுருட்டி வச்சுக்கிட்டு அலையுது. ஒரு நல்லது பொல்லதுக்கு வர்றதில்ல. எனக்கு உசுரும் வேணும், இதுவும் வேணும். பேராசையா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். டாக்டர்கிட்ட சொல்லிப்பிட்டேன், முடிஞ்ச வரைக்கும் விட்டு வைங்கன்னு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"விளிம்பு சுத்தமா இருந்தா விட்டுறலாம், இல்லைன்னா கண்ணு முழிக்கையில இருக்காதுன்னாரு. கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்கதான் விளிம்பு பாக்குற ஆளாமே, பாத்துப் பாருங்கக்கா."

வாசலில் நின்ற அண்ணன்காரர் இதைக் கேட்டுவிட்டு உள்ளே தலையை நீட்டினார். "புள்ள குட்டி பெத்து வளத்தாச்சு. இனிமே எதுக்கு அது? மொத்தமா எடுத்துப் போடுங்கன்னா கேக்க மாட்டேங்குது." அவருக்கு ஐம்பத்தைந்து வயதாவது இருக்கும். அவரிடமும் வேலை முடிந்துபோன பாகங்கள் ஒன்றிரண்டு இருந்திருக்கும். அதை எடுத்துப் போடச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. இதை நான் மனதுக்குள் சொல்லவில்லை, வாய்விட்டே சொன்னேன். கமலா சிரித்த சிரிப்பில் ஊசி நழுவிவிட்டது. மறுபடி குத்தினேன்.

மறுநாள் ஆபரேஷன். துண்டு வெளியே வந்துவிட்டது என்று இன்டர்காமில் சொன்னார்கள். காத்திருந்தோம். மேல் மாடியிலிருந்து கீழே வர இவ்வளவு நேரம் ஆகாது. மேடம் செருப்பைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார். கடைசியில் பாண்டியம்மா வந்தாள். ட்ரேயின் மேல் பச்சைத் துணி, முகத்தில் சிரிப்பு. துணியை எடுத்தார் மேடம்.

இட்லி அளவு சதை, ஒரு பக்கம் நீள்வட்டமாகத் தோல். பளிச்சென்று கழுவி இருந்தது. நூல் இரண்டையும் காணோம்.

"நூல் எங்கடி?"

"அதா? வாசல்ல அவுக அண்ணன் மறிச்சுக்கிட்டாக, காட்டாமப் போகக் கூடாதுன்னு. இரத்தமா இருந்துச்சு, மறுபடி உள்ள போய்க் குழாயில காட்டி அலசுனேன். நூலு ரெண்டும் அரணாக்கயிறு கணக்கா தொங்குச்சு, நாலு பேர் பாக்கையில அசிங்கமா இருக்கேன்னு கத்தரிச்சுவிட்டேன் டாக்டராச்சி."

தையலின் மிச்சம் ஏதாவது கிடைக்குமா என்று லென்ஸ் வைத்துத் தேடினோம். அவள் வேலையில் சுத்தம். முடிச்சோடு சேர்த்து நறுக்கியிருந்தாள். மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. "அச்சு எடு" என்றார். தோல் பக்கமும் முதுகுப் பக்கமும் பார்த்தாலே தெரியும். மற்ற நான்கு பக்கத்துக்கும் பெயர் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஸ்லைடில் கீறினேன். தண்ணீர் பட்டதால் செல்கள் கொஞ்சம் ஊதியிருந்தன, ஆனாலும் ஆளை அடையாளம் தெரிந்தது. வலமிருந்து இடம், மோர், இடமிருந்து வலம். ஐந்து ஸ்லைடுக்கு இல்லை. ஒன்றுக்கு இருக்கு. நீள்வட்டத்தின் ஒரு முனை.

இன்டர்காம் அலறியது. "இருட்டுக் கடையில விடிஞ்சிருச்சா? மயக்க டாக்டர் தூங்கிருவார் போல. என்ன ஆச்சு?"

"ஒரு முனையில இருக்கு. எந்த முனைன்னு தெரியாது. உங்க ஆயா நூலை வெட்டிட்டா."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த வார்த்தைகளை எழுத முடியாது. அவற்றில் ஒன்றிரண்டு எனக்கே புதிது. மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னார். "நான் வெட்டுனது குறுக்குவாக்குல. ஒரு முனை கைப்பக்கம், இன்னொண்ணு நெஞ்சுக்குழிப் பக்கம். கைப்பக்கம்தான் கட்டி கிட்டக்க இருந்துச்சு. அங்கேயே வெட்டிறவா?"

"உங்க ஊகத்துக்கு நான் ஸ்லைடு பாக்க முடியாது."

"அப்ப ரெண்டு முனையையும் வெட்டணும். வெட்டினா மிச்சம் வைக்க அங்க என்ன இருக்கு ஆச்சி? சின்ன உடம்பு. அதுக்கு மொத்தமா எடுத்துட்டுத் தச்சுடுவேன். அந்தப் பொம்பளைகிட்ட நீங்க வந்து பதில் சொல்லுங்க."

மேலே ஒருத்தி நம்மை நம்பிப் படுத்திருக்கிறாள். நோய் போகாமல் போனால் விதி என்று சொல்லலாம். பார்க்க அசிங்கமாக இருந்தது என்று ஆயா கத்தரித்த நூலுக்காக ஒரு மார்பு போனது என்று எந்த வாயால் சொல்வது?

மேடம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சார், தோல்ல ஒரு மச்சம் இருக்கு. சுத்தமா இருக்கிற முனையில. நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"அயோடின் பூசி உடம்பே காப்பித்தூள் நிறத்துல இருந்துச்சு. நான் கட்டியைப் பாப்பேனா, மச்சத்தைப் பாப்பேனா?"

"கேஸ் ஷீட்டுல?"

"ஒரு வட்டம் போட்டு, கட்டி இருக்கிற இடத்துல பெருக்கல் குறி. அவ்வளவுதான்."

"கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. எதையும் தொடாதீங்க" என்று ரிசீவரை வைத்தார். செருப்பில்லாமலே மாடிப்படி ஏறினார். நான் ட்ரேயோடு பின்னால் ஓடினேன்.

தியேட்டர் வாசலில் குடும்பமே நின்றது. மேடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். உடனே ஊர்க்கூட்டம் கூடிவிட்டது. நூலைப் பார்த்ததாக ஆளாளுக்குச் சாட்சி. "நீள நூலு இங்குட்டுத்தான் கெடந்துச்சு" என்றார் அண்ணன்காரர். "இல்லைங்க, அங்குட்டு" என்றாள் அவர் மனைவி. அவர் நின்றது ட்ரேக்கு அந்தப் பக்கம், அவள் நின்றது இந்தப் பக்கம். நூலை வெட்டிய பிறகுதான் பாண்டியம்மா அவர்களுக்குத் துணியை விலக்கிக் காட்டினாள் என்பது இருவருக்கும் ஞாபகம் இல்லை.

"நூலை விடுங்க" என்றார் மேடம். "கமலாவுக்கு வலது மார்புல ஒரு மச்சம் இருக்கு. அது எங்குட்டு இருக்கு? கைப்பக்கமா, நெஞ்சுக்குழிப் பக்கமா? யாருக்குத் தெரியும்?"

அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். தீயணைப்பு வாளிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த முத்தையாவை மேடம் பார்த்தார். அவர் வாளியைப் பார்த்தார். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "அதெல்லாம் அவனுக்கு எப்படிம்மா தெரியும்? நாங்க அந்த மாதிரிக் குடும்பம் இல்லை."

எந்த மாதிரிக் குடும்பம் என்று நான் கேட்க வாயைத் திறந்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தவைகளா என்றும் கேட்டிருப்பேன். மேடம் என் காலை மிதித்தார். வெறுங்கால் என்பதால் வலிக்கவில்லை.

"தனியா வந்து சொல்றீகளா தம்பி?" என்றார் மேடம். அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

முத்தையா அண்ணனைப் பார்த்தார். கழுத்திலிருந்து காது வரை சிவந்துவிட்டார். "வேணாம், இங்கனயே சொல்றேன்" என்றார். "கைப்பக்கம் மேடம். சட்டையோட கைத்தையலு வந்து முடியுற எடம்."

"நிச்சயமா?"

"ரெண்டு இருக்கு மேடம்."

"என்னது?"

"பெருசு ஒண்ணு, நீங்க சொன்னது. அதுக்குக் கீழ, கொஞ்சம் உள்வாக்குல, கடுகைவிடச் சின்னதா இன்னொண்ணு இருக்கு. செவப்பா இருக்கும். சட்டுனு தெரியாது." சொல்லிவிட்டு, இவ்வளவு பேசியதற்கே இளைத்துப்போனவர் மாதிரி சுவரில் சாய்ந்தார். அண்ணன்காரர் தோல் பையை இந்த அக்குளிலிருந்து அந்த அக்குளுக்கு மாற்றிக்கொண்டார்.

இரண்டாவது மச்சத்தை நாங்கள் பார்த்திருக்கவில்லை. மேடம் ஜன்னல் வெளிச்சத்துக்கு ட்ரேயைக் கொண்டுபோய் லென்ஸைப் பிடித்தார். பெரிய மச்சத்தைக் கைப்பக்கமாக வைத்தால், சின்னது அதற்குக் கீழே வர வேண்டும். மாற்றி வைத்தால் மேலே போய்விடும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் பிடரிக்குப் பின்னாலேயே நின்றேன், அவர் விரட்டவில்லை. கீழே இருந்தது. கடுகைவிடச் சின்னது, சிவப்பு.

மேடம் தியேட்டர் கதவைத் தள்ளி, வெறுங்காலோடு, வெளியாள் தாண்டக் கூடாத சிவப்புக் கோடு வரை போய்க் கத்தினார். "சார், நெஞ்சுக்குழிப் பக்கம் வெட்டுங்க! கைப்பக்கம் சுத்தம், தொடாதீங்க!" தன் இஷ்டத்துக்கு வெட்டியிருந்தால் வைரவன் சார் நேர் எதிர்ப் பக்கத்தை வெட்டி, நோயை உள்ளேயே வைத்துத் தைத்திருப்பார். அதை அவரே பின்னால் சொன்னார், இரண்டு கெட்ட வார்த்தைகளோடு.

அடுத்த துண்டை நானே கதவருகில் நின்று வாங்கினேன். இந்த முறை வைரவன் சார் மாட்டைக் கட்டுகிற அளவுக்கு நூல் விட்டிருந்தார். புது விளிம்பில் அச்சு எடுத்தோம். வலமிருந்து இடம். மோர் தீர்ந்துபோயிருந்தது. இடமிருந்து வலம். "இல்லை" என்றார் மேடம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சாயத்துல தண்ணி விடாதே" என்றார். அவர் கண்ணும் சரியாக இல்லை.

பாண்டியம்மாவை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி நிர்வாகத்தில் பேச்சு வந்தது. மேடம் தடுத்துவிட்டார். சொந்தக்காரர்களுக்கு அவள் காட்டினாளே தவிர, காட்டச் சொல்லிப் பழக்கியது நாம்தான் என்றார். அதன் பிறகு பாண்டியம்மா எந்த நூலைக் கண்டாலும் பத்தடி தள்ளியே நின்றாள், தாலிக் கயிறாக இருந்தாலும்.

மெழுகில் பதித்துப் பார்த்த முழுச் சோதனையும் சுத்தமென்று வந்தது. கமலா மதுரைக்குப் போய்க் கரண்ட் வைத்துக்கொண்டு, சில மாதம் கழித்து இரத்தம் கொடுக்க வந்தாள். கொஞ்சம் கருத்திருந்தாள், மற்றபடி தெம்புதான். நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஓரகத்தி என்னமோ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிது. அன்னைக்கு வாசல்ல இவுக என்னமோ சொன்னாகளாமே. கேட்டா எந்திரிச்சு வெளிய போயிறாக. என்னக்கா சொன்னாக?"

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அண்ணன் முன்னால் சொன்னதைச் சொன்னேன், தனியாக வரமாட்டேன் என்றதைச் சொன்னேன்.

அவள் நம்பவில்லை. "போங்கக்கா. அவுக வெளிச்சத்துல என் மொகத்தையே நிமிந்து பாத்ததில்ல. கல்யாணம் ஆன நாள்லேருந்து, விளக்கை அமத்துனாத்தான் பக்கத்துலயே வருவாக. பெரிய மச்சத்தைச் சொல்லியிருப்பாக, கைக்குத் தட்டுப்பட்டிருக்கும்."

"சின்னதையும் சொன்னாரு. கீழ, உள்வாக்குல, சிவப்பா, கடுகைவிடச் சின்னதுன்னு."

"எது?"

"இரண்டாவது மச்சம்."

கமலா முழங்கைக்கு மேல் கட்டியிருந்த ரப்பரை மறந்துவிட்டாள். நானும்தான். ஜன்னலுக்கு வெளியே முத்தையா வேப்பமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, யாருடைய சைக்கிளின் செயினையோ சரிசெய்துகொண்டிருந்தார். அவள் அந்த முதுகையே பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அப்படி ஒண்ணு இருந்தது எனக்கே தெரியாதேக்கா" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நான் அவள் வாயில் அதுவரை கேட்காத மரியாதையில் சொன்னாள்: "கள்ளப் பய. இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கானா பாருங்க."